ஒரு ரவுண்டு போய்விட்டு

பழைய வண்டி வாங்க வருகிறவன் பெண்டாட்டியை அடமானமாக வைத்துவிட்டுப் போவான் என்று சசிரேகாவுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அடமானம் இப்போது சோபாவில் இரண்டு காலையும் மேலே மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தது. மதுவந்தியாம் பெயர். ஊர் திருப்பூராம். வந்தது பஸ்ஸில், திரும்பிப் போவது வண்டியில் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள், அதனால் ஆளுக்கொரு ஹெல்மெட், இவளுடையது ரோஸ் கலரில், உச்சியில் பூனைக்காது இரண்டு முளைத்தது. அந்தப் பூனைத்தலையைக் கொண்டுபோய், நேற்றுத்தான் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து விரித்த லேஸ் துணியின் மேல் வைத்திருந்தாள். "நான் இங்கயே இருக்கறனுங்க ஆன்ட்டி, இவரு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துரட்டும், உங்களுக்கும் ஒரு நம்பிக்கை வேணும்ல" என்று தானாகவே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவள். வண்டி திரும்பி வரும் என்பதற்கு இவள் ஜாமீன். புருஷன் இவளுக்காகத் திரும்பி வருவான் என்பதற்கு யார் ஜாமீன் என்று கேட்கலாமா என்றிருந்தது சசிரேகாவுக்கு. தாலிச்சரட்டில் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டு, காபி குடிக்கிறாயா என்று கேட்டாள். "பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், ப்ளாக்கா இருந்தாக் குடுங்க ஆன்ட்டி." கஷாயம் என்றே கேட்டிருக்கலாம். கொண்டுவந்து வைத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். முதுகு கொக்கி மாதிரி வளைந்திருந்தது. கான்வென்ட்டில் சிஸ்டர் கொன்சாகா பார்த்திருந்தால் அந்த வளைவுக்குள் மர ஸ்கேலைச் செருகியிருப்பார். போனது அந்தப் பையன் மட்டும் என்றால் சசிரேகா கடிகாரத்தின் பக்கம் திரும்பியே இருக்க மாட்டாள். வண்டியை அப்படியே கிளப்பிக்கொண்டு கர்நாடகா பக்கம் ஓடிப்போனால்கூட, பிடித்த சனி விட்டது என்று வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பாள். ஆனால் பின்ஸீட்டில் குழந்தைவேலும் ஏறிப் போயிருக்கிறார். கட்டின புருஷன். வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன மனுஷன்.

பின்ஸீட்டில் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதுதான் கேள்வி. வடவள்ளி பஸ் ஸ்டாப் வரைக்கும் இருப்பார். தொண்டாமுத்தூர் ரோட்டில் திரும்பி, இரண்டு பக்கமும் பாக்குத்தோப்பு வந்து, தூரத்தில் மலை தெரிந்ததும், 'தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க' என்பார். அவருடைய அந்தக் குழைவான 'ங்க'கூட அவளுக்குக் காதில் கேட்டது. பீளமேட்டில் பம்புக்கு வார்ப்படம் ஊற்றுகிற பட்டறையில் முப்பது ஆட்களை விரட்டி வேலை வாங்குகிற வாய், வண்டி என்று வந்துவிட்டால் குழைந்துவிடும். ஐம்பது வயது வரைக்கும் ஒழுங்காக இருந்தவர்தான். ஸ்கூட்டரில் பட்டறைக்குப் போய், ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து, ஈஸி சேரில் பேப்பர் படித்து, இட்லிக்குச் சட்னி பத்தவில்லை என்று சொல்லி, எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு புருஷன். மகள் கல்யாணம் முடிந்து புனே போனாள், அடுத்த மாதமே வாசலில் அது வந்து நின்றது, ஆரஞ்சு கலரில், கழுதை உயரத்துக்கு. ஏறவே பக்கத்துத் திட்டு வேண்டியிருந்தது அவருக்கு. அட்வெஞ்சர் பைக் என்றார். அட்வெஞ்சர் தேவைப்பட்டால் ஒருநாள் அடுப்படிக்கு வந்து பார்க்கலாம் என்றாள் இவள். அதற்கப்புறம் கூட்டம் சேர்ந்தது. ஹைவே ஓநாய்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். ஒரு ஓநாய்க்குச் சர்க்கரை, ஒரு ஓநாய்க்குப் பித்தப்பையில் கல், ஒரு ஓநாய் பெண்டாட்டி கூப்பிட்டால் நடு ரோட்டில் நிறுத்தி எழுந்து நின்று பேசும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எல்லா ஓநாயும் தோல் ஜாக்கெட்டுக்குள் தொந்தியைத் திணித்துக்கொண்டு ஊட்டி வரை போய்ப் பொங்கல் தின்றுவிட்டு வரும். அந்தப் பொங்கலைவிட நல்ல பொங்கல் இந்த வீட்டிலேயே கிடைக்கும், அதற்குப் பெட்ரோல்கூட வேண்டாம். பெயரும் மாறிப்போனது. குழந்தைவேல் இல்லை, கேவி ப்ரோ. அறுபதைத் தொடப்போகிற ஆளை இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் ப்ரோ என்று கூப்பிட, இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு லடாக். பிறகு ஸ்பிதி. பிறகு பூடான். தன்னைத் தேடிப் போகிறாராம். ஈஸி சேரில் கிடந்த ஆளை லடாக்கில் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கிடைத்தது சளி. ஒரு மாதம் ஆவி பிடிக்க வைத்தவள் இவள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அந்த வண்டிக்கு ஒரு கட்டி முளைக்கும், அப்கிரேடு என்பார். விழுந்தால் காப்பாற்ற இரும்புக்கம்பி, கம்பியைக் காப்பாற்ற இன்னொரு கம்பி, வயிற்றுக்கு அடியில் கல் படாமல் இருக்க ஒரு தகடு, பனியில் எரிய மஞ்சள் விளக்கு, உட்காருகிற இடம் வலிக்காமலிருக்க ஜெல் வைத்த ஸீட், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. வீட்டில் வாஷிங் மெஷின் அழுதுகொண்டு சுற்றுகிறது, அதற்கு அப்கிரேடு என்ற வார்த்தையே தெரியாது.

தொண்டாமுத்தூர் தாண்டியிருப்பார்களோ. சசிரேகா எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், வெயில் சோபாவில் அடிக்கிறது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு. தெரு காலியாக இருந்தது. கோத்தகிரி இறக்கத்தில் விழுந்தபோதும் இப்படித்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றவர் பொழுது சாய்ந்து ஒரு ஓநாயின் காரில் வந்து இறங்கினார், முழங்கையில் கட்டோடு. வளைவில் மணல் கிடந்ததாம், சறுக்கிவிட்டதாம். மணல். அவள் எதுவும் கேட்கவில்லை. பேன்ட்டைத் துவைக்கப் போட்டபோதுதான் பார்த்தாள், முன்பக்கம் நனைந்து காய்ந்த கறை. மணலில் சறுக்கின ஆம்பிளை பேன்ட்டில் மூத்திரம் போக மாட்டான். அதையும் கேட்கவில்லை. இரண்டு தடவை அலசிக் கொடியில் போட்டாள், அவ்வளவுதான். கேட்டால் என்ன சொல்லிவிடப் போகிறார்? இல்லை, கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லையா? சே, இந்த யோசனை எங்கே போகிறது. அதற்கப்புறம் நடந்ததற்கு மணல் இல்லை, வளைவு இல்லை, சாப்பாட்டு மேஜை. தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தவர் பிட்டபடியே உறைந்துபோனார். கண் அவளைப் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. வலதுகை மட்டும் தட்டின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிற்று, முறுக்கிற்று, ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற மாதிரியே, எங்கே போகிறாரோ யாருக்குத் தெரியும், பிறகு உடம்பு மொத்தமும் நாற்காலியோடு சாய்ந்தது. அப்போது அவள் கத்தவில்லை. வாயிலிருந்து தோசையைத் தோண்டி எடுத்தாள், ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், பக்கத்து வீட்டுக் காரை வரவழைத்தாள். கத்தினதெல்லாம் ஆஸ்பத்திரியில், ஸ்ட்ரெச்சர் தள்ளத் தாமதம் செய்த வார்டுபாயிடம். டாக்டர் சின்னப் பையன், ஆனாலும் வாய் நீளம். "சார், ஓட்டுனீங்கன்னா நீங்க மட்டும் போக மாட்டீங்க, எதிர்ல வர்றவனையும் கூட்டிட்டுப் போவீங்க" என்றான். குழந்தைவேல் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, மாத்திரைதான் போடறேனே, ரெண்டு மாசம் போகட்டும், பார்த்துக்கலாம் என்றார். பார்த்துக்கலாம்! தினமும் சாயங்காலம் வாசலுக்குப் போய் ஸ்டார்ட் செய்துவிட்டு நிற்பார், பேட்டரி இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டு. என்றைக்காவது ஒருநாள் கேட்டைத் திறந்து வெளியே போய்விடுவார். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தாள், இதை விற்றால்தான் இந்த ஆள் உயிரோடு இருப்பார். வண்டிமேல் அவளுக்கு விரோதமில்லை. விரோதமுண்டு, ஆனால் காரணம் அதில்லை.

"ஆன்ட்டி, வைஃபை பாஸ்வேர்டு கிடைக்குங்களா?"

சொன்னாள். அந்தப் பெண் தட்டிக்கொண்டாள். நன்றி என்ற ஒரு சொல் இல்லை. விளம்பரத்தை சசிரேகாவேதான் எழுதிப் போட்டாள், அழகான இங்கிலீஷில், கமா முற்றுப்புள்ளி தவறாமல். பதிலுக்கு வந்தவர்களின் இங்கிலீஷைப் படித்தால் வண்டி என்ன, வீட்டையே விற்றுவிட்டுக் காசிக்குப் போய்விடலாம் போலிருந்தது. லாஸ்ட் ப்ரைஸ், லாஸ்ட் ப்ரைஸ் என்று எல்லாரும் கடைசியிலிருந்தே ஆரம்பித்தார்கள். ஒருத்தன் பசுமாட்டுக்கு மாற்றிக்கொள்வீர்களா என்று கேட்டான். ஒருத்தன் காலையிலும் மாலையிலும் ஹாய் மட்டும் அனுப்பினான். இந்தக் கிருபாகரன் ஒருவன்தான் ஒழுங்காகக் கேள்வி கேட்டான், எங்கெங்கே போன வண்டி, என்னென்ன மாட்டியிருக்கிறது என்று. வருகிறேன் என்றான். வருகிற ஆளுக்குக் காட்டவேண்டுமே என்று போய்ப் பார்த்தாள், ஐயோ, வண்டியா அது? அலுமினியப் பெட்டி இரண்டிலும் இடமே இல்லாமல் ஸ்டிக்கர். ஏதோ கணவாயின் உயரம், ஏதோ டீக்கடை, மண்டையோடு, திபெத்துக் கொடி, ஓநாய்த் தலை. கம்பியெல்லாம் கீறல். பெட்டியின் மூலையில் எந்த ஊர்ச் சேறோ கல்லாக இறுகிக் கிடந்தது. இப்படி ஒரு பாத்திரத்தை அவள் வேலைக்காரிக்குக்கூடக் கொடுக்க மாட்டாள். தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து, தலை காயவைக்கிற மெஷினால் சூடு காட்டி, ஒவ்வொரு ஸ்டிக்கராகச் சுரண்டி எடுத்தாள். கீறலுக்குக் கறுப்புப் பெயின்ட் வாங்கித் தடவினாள். குழந்தைவேல் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தாள். "நல்லா சுத்தமா இருக்கு" என்றார், அவ்வளவுதான், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்தச் சுத்தம்தான் இன்றைக்குக் குடியைக் கெடுத்தது. கிருபாகரன் வந்தான், வண்டியைச் சுற்றி வந்தான், இன்னொரு தடவை சுற்றி வந்தான். முகம் மாறிற்று. "லடாக் போன வண்டின்னு போட்டிருந்தீங்களே ஆன்ட்டி. ஸ்டிக்கரெல்லாம் எங்கீங்க?" அசிங்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன் என்றாள் பெருமையாக. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி அவனைப் பார்த்தாள். அவர்கள் உலகத்தில் ஸ்டிக்கர்தான் ஜாதகமாம், சேறுதான் சர்டிபிகேட்டாம், ஊர் சுற்றின வண்டியை யாரும் கழுவிக்கூட விற்க மாட்டார்களாம், இப்படி மொழுக்கென்று துடைத்து, கீறலுக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தினால் ஒன்று வெள்ளத்தில் மூழ்கினதாக இருக்கவேண்டும், இல்லை பெரிதாக அடிபட்டதாக இருக்கவேண்டும். இதெல்லாம் அவன் சொல்லாமல் சொன்னான். "வண்டி எங்கியாச்சும் விழுந்திருக்குதுங்களா ஆன்ட்டி?" என்றான். கேள்வியைப் பார். அவளுக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னால் வண்டி போகாது, இங்கேயே நிற்கும், நின்றால் அவர் ஓட்டுவார். "இல்லையே" என்றாள். மாரல் சயின்ஸில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினவள். அவன் நம்பவில்லை. குனிந்து அடித்தகட்டைத் தடவினான், நிமிர்ந்தான். "அண்ணன் இருக்காருங்களா? ஓனரும் கூட வந்தா ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துரலாம்." அவர் அண்ணனாம், இவள் ஆன்ட்டியாம், இந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் படுக்கையறைக் கதவு திறந்தது. காலையிலிருந்து திறக்காத கதவு. பேன்ட் மாட்டி, ஷூ போட்டு, கையில் கறுப்பு ஹெல்மெட்டோடு நின்றார். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார் மனுஷன், கூப்பிடமாட்டார்களா என்று. "வாங்க தம்பி, நான் பின்னால உட்கார்ந்துக்கறேன், நீங்க ஓட்டுங்க" என்றார். அவளைப் பார்க்கவில்லை. அவள் சொல்லியிருக்கலாம். 'இவர் ஓட்டக் கூடாது, கேட்டாலும் கொடுக்காதே' என்று ஒரே ஒரு வரி. ஏன் என்று அவன் கேட்பான். வலிப்பு என்பாள். அப்படியென்றால் விழுந்த வண்டிதான் என்பான். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள். வெள்ளை ஹெல்மெட் முன்னால், கறுப்பு ஹெல்மெட் பின்னால், கேட்டைத் தாண்டிப் போனார்கள். எப்படியும் அவன்தானே ஓட்டுகிறான் என்று அப்போது நினைத்தாள். மடைச்சி.

"வருவாங்க ஆன்ட்டி, ஏன் எந்திரிச்சு எந்திரிச்சுப் பார்க்கறீங்க" என்றாள் அந்தப் பெண், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "லொக்கேஷன் ஷேர் பண்ணிட்டுத்தான் போயிருக்காரு. இங்க பாருங்க." நீட்டின போனில் ஒரு படம், படத்தில் ஒரு நீலப்புள்ளி, ஊர்ந்துகொண்டிருந்தது. சசிரேகாவுக்கு முதலில் எரிச்சல் வந்தது, இவ்வளவு நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு காட்டவில்லையே இந்தக் கொக்கி முதுகு என்று. பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே, சோபாவின் ஓரத்தில், உட்கார்ந்துவிட்டாள். தொண்டாமுத்தூர் தாண்டிவிட்டது புள்ளி. நரசிபுரம் போகிற ரோடு. அதுதான், அவள் நினைத்த அதே ரோடு, மலை முன்னால் வந்து நிற்கிற ரோடு. இந்த மனுஷனை முப்பத்தைந்து வருஷம் படித்ததற்கு இதுதான் பலன், எந்த வளைவில் என்ன செய்வார் என்று தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம். புள்ளி நின்றது. அந்தப் பெண் அதைக் கவனிக்கவே இல்லை, வேறு எதையோ விரலால் தள்ளிப் பார்க்கப் போனாள், "அதையே வை" என்று சசிரேகா போட்ட சத்தத்தில் திடுக்கிட்டுத் திரும்பினாள். புள்ளி நின்றே இருந்தது. ட்ராஃபிக் சிக்னலே இல்லாத ரோடு அது. டீக்கடையாக இருக்கும் ஆன்ட்டி என்றாள் பெண். டீக்கடையில்லை. இறங்கியிருக்கிறார். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்கிறார். கொடுத்துவிடுவான், ஏன் கொடுக்கமாட்டான், வண்டிக்காரர் கேட்கிறார், மரியாதைக்குக் கொடுத்துத்தானே ஆகவேண்டும். இப்போது முன்னால் ஏறுகிறார். இப்போது அந்தப் பையன் பின்னால். இடுப்பைப் பிடித்துக்கொள்வானா, பின்கம்பியைப் பிடித்துக்கொள்வானா, எதைப் பிடித்தால் என்ன. தட்டு ஓரத்தை முறுக்கின கை. பார்க்காமல் பார்த்த கண். எதிரே பாக்கு மூட்டை ஏற்றின வண்டி வரும் ரோடு. புள்ளி நகர்ந்தது. நகர்ந்த வேகத்தில் படமே குலுங்கிற்று. "அய்யே, என்ன இது" என்று அந்தப் பெண்ணே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவரு இத்தனை வேகமா ஓட்டவே மாட்டாருங்களே ஆன்ட்டி. என்னை வெச்சுட்டுப் போனா மாட்டுவண்டி மாதிரிப் போவாரு."

அவ்வளவுதான், முடிந்தது. இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை. சொன்னால் வண்டி போகாது, சொல்லாவிட்டால் இந்தப் பூனைக்காதுப் பெண் தாலியறுப்பாள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிற அளவுக்குத் தான் கீழே இறங்கிவிட்டதை அந்தக் கணத்தில் பார்த்தாள் சசிரேகா. இத்தனை நேரம் ஊரில் எல்லாரையும் அருவருத்தாகிவிட்டது, பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆள்.

"உன் வீட்டுக்காரருக்குப் போன் போடு."

"எதுக்குங்க ஆன்ட்டி?"

"போடுன்னா போடு. முன்னால யார் உட்கார்ந்திருக்காங்கன்னு கேளு. எங்க வீட்டுக்காரர் ஓட்டினா உடனே நிறுத்தச் சொல்லு. அவருக்கு வலிப்பு வரும்."

சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. மகளிடம்கூட மயக்கம் என்றுதான் சொல்லியிருந்தாள். சொல்ல ஆரம்பித்தால் நிற்கவில்லை, கோத்தகிரியில் விழுந்தது, அது மணல் இல்லை என்பது, டாக்டர் சொன்னது, எல்லாம் வந்தது. அந்தப் பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது. அண்ணனுக்குப் போடுங்க என்றாள், அண்ணன் போன் கட்டில் பக்கத்தில் சார்ஜரில் கிடந்தது. பெண் எழுந்து நின்றாள். அந்தக் கொக்கி முதுகு இப்போது நேராக இருந்தது.

"இதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? இவரு அவருக்குப் பின்னாடி உட்கார்ந்து போறாருங்க. உங்களுக்கு எங்கம்மா வயசு இருக்குமே ஆன்ட்டி. விழுந்துருக்குதான்னு கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்களே, என் முன்னாடிதானே சொன்னீங்க!"

அந்தப் பெண் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள், போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு. சசிரேகாவும் பின்னால் போனாள். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும். புள்ளி திரும்பி வந்துகொண்டிருந்தது, ஆனால் புள்ளிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, அது யாரென்று சொல்லாது. வந்து சேருகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் முன்னால் இருக்கலாம், எந்த இடத்திலும் கை முறுக்கிக்கொள்ளலாம். கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கை சுட்டது, எடுக்கவில்லை. பக்கத்தில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ சாமியை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், வேறொரு நாளாக இருந்தால் அதற்கும் சசிரேகாவிடம் ஒரு பேச்சு இருந்திருக்கும். தெருமுனையில் சத்தம் கேட்டது. ஆரஞ்சு தெரிந்தது.

முன்னால் வெள்ளை. பின்னால் கறுப்பு.

வண்டி நின்றதும் அந்தப் பெண் ஓடிப்போய்ப் புருஷன் தோளில் நாலு அடி வைத்தாள். "என்னடி, என்ன ஆச்சு" என்று அவன் விழித்தான். குழந்தைவேல் அவன் தோளை ஊன்றிக்கொண்டு, காலைத் தூக்க முடியாமல் தூக்கி, பெட்டியில் இடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கி நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். சசிரேகாவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருக்கவேண்டும், இறங்கவில்லை.

"எங்க நின்னீங்க அவ்வளவு நேரம்?" என்றாள் பொதுவாக.

"அண்ணன்தாங்க ஓரங்கட்டச் சொன்னாரு" என்றான் கிருபாகரன், ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஒரு தடவை ஓட்டிக்கறேன்னு கேட்டாருங்க. நான் குடுக்கலை. ஓனர் ஓட்டினா வண்டியோட கொறை வெளிய தெரியாம ஓட்டிருவாங்கன்னு எங்க குரூப்புல சொல்லுவாங்க, அதான். ரொம்ப நேரம் கேட்டாரு பாவம். அந்த மலைக்கிட்ட வரைக்கும் போதும் தம்பின்னாரு. இல்லீங்கண்ணா, டெஸ்ட் ரைடு எனக்குத்தானேன்னுட்டு, நான் நல்லா விரட்டிப் பார்த்துட்டுத் திரும்பிட்டேன். வண்டி அருமையா இருக்குதுங்க."

ரோட்டோரம், பாக்குத்தோப்புப் பக்கம், போகிற பஸ்ஸெல்லாம் பார்க்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார். தன்னுடைய வண்டிக்கு. மகன் வயதுக்கும் கீழே ஒருவனிடம். தம்பி, தம்பி என்று.

"கேட்டா ஒரு தடவை குடுத்தா உன் சொத்தா போயிரும்?"

யார் சொன்னது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான், சொன்னது தான் என்று சசிரேகாவுக்குத் தெரிந்தது. "பூடான் வரைக்கும் ஓட்டிட்டுப் போன ஆளு. கொறையை மறைச்சு ஓட்டறாராம்! அவரு ஓட்டறதைப் பார்க்கக் குடுத்துவெச்சிருக்கணும் நீ!"

"ஆன்ட்டி" என்றாள் மதுவந்தி, வாயைப் பிளந்துகொண்டு. "இப்பத்தானே நீங்க வலிப்பு வரும்னு…"

அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் விழவேண்டிய இடத்தில் விழுந்துவிட்டது. குழந்தைவேல் தரையிலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"கோத்தகிரியையுமா?"

"மணல் இல்லைன்னும் சொல்லிட்டேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. பேன்ட்டை வேற யாரு துவைச்சா?"

குழந்தைவேல் தலையை மெதுவாக ஆட்டினார். ஹெல்மெட்டோடு ஆட்டினதால் அது பெரிய ஆட்டமாகத் தெரிந்தது. அப்புறம் கிருபாகரன் பக்கம் திரும்பி, "அப்ப விலையைக் கொறைச்சுத்தான் கேப்பீங்க தம்பி" என்றார், சிரிக்கிற மாதிரி.

"எதுக்குக் கொறைக்கணும்?" என்றாள் சசிரேகா. "விழுந்தது நீங்க. வண்டி என்ன பண்ணுச்சு? சொன்ன விலையில ஒரு ரூபா கொறையாது. வேணும்னா எடுக்கட்டும், வேண்டாம்னா பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிச்சுப் போகட்டும்."

கிருபாகரன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள், பிறகு குழந்தைவேலைப் பார்த்தாள். "எடுத்துக்கலாங்க" என்றாள் மெதுவாக. அவன் சாவியை எடுத்துப் பையில் போடப் போனவன், போடாமல், அதைக் குழந்தைவேல் பக்கமாக நீட்டினான். "இந்தத் தெருவுக்குள்ள மட்டும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கண்ணா. நான் பக்கத்துலயே ஓடி வர்றேன்." சசிரேகாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லவேண்டியதையும் சொல்லக்கூடாததையும் எல்லாம் சொல்லித் தீர்த்திருந்தாள். குழந்தைவேல் அந்தச் சாவியைப் பார்த்தபடி நின்றார். பிறகு அந்தப் பையனின் விரல்களைப் பிடித்துச் சாவியின் மேல் ஒவ்வொன்றாக மடக்கினார்.

"மேட்டுல ஏத்தறப்ப ரெண்டாவது கியர்லயே ஏத்துங்க, மூணுக்கு மாத்தாதீங்க. திணறும்" என்றார்.

அப்புறம் கையைத் தாடைக்குக் கொண்டுபோய் ஹெல்மெட் வாரை அவிழ்க்கப் பார்த்தார். வளையத்திலிருந்து வார் வரவில்லை. இழுத்தார், இன்னும் இறுகிற்று. வெயில் பட்டுப் பளபளத்த கண்ணாடிக்குப் பின்னால் முகம் எப்படி இருக்கிறது என்று வெளியே தெரியவில்லை. "கையை எடுங்க, எதைச் செஞ்சாலும் அரைகுறை" என்று சசிரேகா கிட்டே போனாள். இத்தனை வருஷத்தில் அந்த வாரை அவள் தொட்டதில்லை, எந்தப் பக்கம் இழுக்கவேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை. அவர் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "ஆடாம நில்லுங்க" என்றாள். அவர் ஆடாமல்தான் நின்றுகொண்டிருந்தார்.